ரீபில்ட் செய்த பீட்டில் இன்ஜினுக்கு டைமிங்: புல்லியில் இருக்கிற கோட்டை நம்பாதீங்க

கேள்வி இதுதான். பொள்ளாச்சியில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1600 இன்ஜின், 12 வோல்ட். புது பிஸ்டன், பேரல், கேம், டேப்பட் போட்டு, ஹெட் வேலையும் முடித்து இன்ஜினைப் பூட்டியாச்சு. இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை. நாலு பிளக்குக்கும் முறைப்படி மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் 009 வகை. கிராங்க் முனையில் பெல்ட் ஓடுகிற புல்லி வேறொரு இன்ஜினில் இருந்து வந்தது. விளிம்பில் ரெண்டு வெட்டு இருக்கு, எது எதற்கென்று தெரியவில்லை. டைமிங்கை, அதாவது பிளக் எந்த நேரத்தில் பொறி விடணும் என்பதை, "காதுல கேட்டே வெச்சரலாமுங்க" என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?

வைக்க வேண்டாங்க. அட்வான்ஸ் என்பது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்பே பொறி விடுகிறது என்பது. ஐட்லிங்கில் அது ஏற ஏற இன்ஜின் சத்தம் இனிமையாகும், ஆர்பிஎம் கூடும், ஆக்சிலேட்டரைத் தொட்டால் டக்கென்று பிக்கப் கிடைக்கும். காது அங்கேதான் "சரி" என்று சொல்லும். ஆனால் 009-க்குள் இருக்கிற வெயிட்டுகள் வேகம் ஏறும்போது சுமார் 20 டிகிரிக்கு மேல் தானாகவே சேர்க்கும். காதுக்கு நல்லாப் பட்ட இடம் 18 டிகிரி என்றால், ரோட்டில் 3500 ஆர்பிஎம்-இல் அது 40 ஆகிவிடும். இந்த இன்ஜின் தாங்குவது 30, அதிகபட்சம் 32. மிச்சம் இருக்கிற 8 டிகிரி முழுக்க பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் சூடாகத்தான் போய்ச் சேரும்.

தண்ணீரால் குளிர்கிற இன்ஜின் என்றால் டேஷ்போர்டில் முள் ஏறும், ஓரங்கட்டி நிறுத்துவோம். பீட்டில் காற்றால் குளிர்வது, அதில் அந்த முள் கிடையாது. இன்ஜின் முதுகுக்குப் பின்னால், அதன்மேல் ஃபேன் இரைச்சல். கலவை தாறுமாறாக வெடிக்கிற நாக்கிங் சத்தம் டிரைவர் காதுக்கு வருவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பிஸ்டன் விளிம்பு அரித்து, ரிங் நிற்கிற வரப்பு உடைந்து, மெக்னீசிய கேஸில் இருந்து ஹெட் ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்த பிறகுதான் தெரியும். அதற்காக ரொம்பப் பின்னால் வைத்தாலும் தப்பிக்க முடியாது. எரிந்து முடியாத நெருப்பு எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது அது வழியாகவே வெளியே போகும். ஹெட்டும் வால்வும் காயும், வண்டியும் இழுக்காது. ரெண்டில் எது பரவாயில்லை என்று கேட்டால் 2 டிகிரி குறைவாக இருப்பது பரவாயில்லை. 2 டிகிரி கூட இருப்பது கூடாது.

இன்னொரு விஷயம், இது புது கேமும் புது டேப்பட்டும் போட்ட இன்ஜின். முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங் விடாமல் 2000 முதல் 2500 ஆர்பிஎம்-இல் 20 நிமிஷம் ஓடினால்தான் கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று படியும். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தாலும், தட்டுத்தடுமாறி ஐட்லிங்கில் நின்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டே இருந்தாலும் கேமின் மூக்கு அங்கேயே தேய ஆரம்பிக்கும். அதனால் சாவி போடுவதற்கு முன்பே டைமிங் ஓரிரு டிகிரிக்குள் சரியாக இருக்கணும். இன்ஜினை நிறுத்தி வைத்துச் செய்கிற வேலைக்குத்தான் நேரம் ஒதுக்கணும். ஓடுகிற இன்ஜினில் டைமிங் லைட் பிடித்துப் பார்ப்பது கடைசியில் வருகிற சின்ன வேலை.

முதலில் உண்மையான டாப் டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடத்தை, கண்டுபிடிக்கணும். உங்க புல்லியில் இருக்கிற வெட்டு ஜீரோவா, ஏழரையா, பத்தா என்று ஆராய்ச்சி பண்ணாதீங்க. வருஷத்துக்கு வருஷம், மாடலுக்கு மாடல் அந்த வெட்டுகள் மாறியிருக்கின்றன. டிகிரி எழுதி வருகிற புது அலுமினியப் புல்லியிலும் எழுத்து ரெண்டு மூணு டிகிரி தள்ளி இருப்பதுண்டு. கிராங்க் முனையில் இருக்கிற சாவித்துண்டு தேய்ந்திருந்தால் நல்ல புல்லியும் பொய் சொல்லும்.

ஒரு பழைய 14 மி.மீ. பிளக் எடுத்து பீங்கானை உடைத்துத் தள்ளிவிட்டு, நடுவில் மரை போட்டு ஒரு போல்ட் இறக்கிக்கொள்ளுங்க. போல்ட் முனை மழமழவென்று உருண்டையாக இருக்கணும். கோயம்புத்தூர்ப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் கையோடு செய்து கொடுப்பாங்க. நாலு பிளக்கையும் கழற்றுங்க. ஒண்ணாம் நம்பர் சிலிண்டரின் ராக்கர் ரெண்டையும் தளர்த்தி, வால்வு ரெண்டும் மூடியே இருக்கும்படி செய்யுங்க. இல்லாவிட்டால் போல்ட் வால்வில் இடிக்க வாய்ப்பு உண்டு. பீட்டிலில் முன்பக்கம் என்பது ஃப்ளைவீல் பக்கம். வண்டி போகிற திசையைப் பார்த்து நின்றால் வலது பக்கம் முன்னே இருப்பது 1, அதன் பின்னே 2. இடது பக்கம் முன்னே 3, பின்னே 4. பின்னால் நின்று பார்க்கிறவர்கள் இதை மாற்றிப் புரிந்துகொள்வதுதான் அடிக்கடி நடக்கிற குழப்பம்.

ஒண்ணாம் நம்பர் துளையில் அந்த ஸ்டாப்பரைப் போட்டு, டைனமோ புல்லியின் 21 மி.மீ. நட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் மெதுவாகத் திருப்புங்க. செல்ஃபைத் தொடவே கூடாது, பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது. பிஸ்டன் வந்து போல்ட்டில் முட்டி நிற்கும். கிராங்க் கேஸின் ரெண்டு பாதியும் சேருகிற செங்குத்துக் கோடு மேலே தெரியும் பாருங்க, அதற்கு நேராகப் புல்லியில் பென்சிலால் ஒரு கோடு. இப்போ எதிர்த்திசையில் திருப்புங்க, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இந்த ரெண்டு கோட்டுக்கும் இடையில் குறுகிய பக்கத்தில் நட்டநடு எதுவோ, அதுதான் டாப் டெட் சென்டர். இதில் வாதத்துக்கே இடம் இல்லை; பிஸ்டனே காட்டிக் கொடுத்த இடம்.

அடுத்து டிகிரி கோடுகள். தையல்காரர் டேப்பையோ காகிதப் பட்டையையோ புல்லி விளிம்பைச் சுற்றிப் பிடித்து சுற்றளவை அளந்து, 360-ஆல் வகுங்க. ஒரிஜினல் அளவுப் புல்லி என்றால் சுற்றளவு சுமார் 550 மி.மீ. வரும், அப்போ ஒரு டிகிரி 1.53 மி.மீ. ஏழரை டிகிரிக்கு 11.5 மி.மீ., பத்துக்கு 15.3, முப்பதுக்கு 46. உங்க புல்லி சின்னது என்றால் இந்தக் கணக்கு மாறும், அதனால் அளந்தே போடுங்க. பின்னால் நின்று பார்த்தால் புல்லி கடிகாரத்திசையில் சுற்றுகிறது. ஆகவே அட்வான்ஸ் கோடுகள் ஜீரோவுக்கு வலது பக்கம் வரணும். இடது பக்கம் போட்டால் அது முழுக்க ரிடார்ட், அதாவது தாமதம். ஜீரோவுக்கு வெள்ளை, பத்துக்கு மஞ்சள், முப்பதுக்குச் சிவப்பு என்று நெயில் பாலிஷோ பெயின்ட்டோ மெல்லிசாகக் கீறுங்க. தடியாகப் பூசினால் கோட்டின் அகலமே ரெண்டு டிகிரி ஆகிவிடும்.

ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு, இப்போதே டேப்பட் கேப், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளி, வைத்துவிடுங்க. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ., இன்லெட், எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும். ஒண்ணாம் நம்பர் கம்ப்ரெஷனில் மேலே இருக்கும்போது அதை வைத்துவிட்டு, புல்லியை அரைச்சுற்று இடப்பக்கம் திருப்பினால் 2, இன்னொரு அரைச்சுற்று 3, அடுத்தது 4. இந்த அளவு ஒரிஜினல் அலுமினிய புஷ்ராடுக்கு. குரோமாலி புஷ்ராட் போட்டிருந்தால் அதற்கு வேறு கணக்கு, அதில் ஆட்டம் இல்லாமல் விரலால் சுழலும்படி வைப்பார்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைப் போடும் முன் அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற டிரைவ் பினியனின் தலையில் ஒரு காடி இருக்கும், அது நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். ஒண்ணாம் நம்பர் கம்ப்ரெஷனில் டாப்பில் நிற்கும்போது அந்தக் காடி கேஸ் சேருகிற கோட்டுக்குக் குறுக்காக, சின்னப் பிறை புல்லிப் பக்கம் பார்த்து நிற்கணும். கம்ப்ரெஷன்தானா என்று தெரிய, பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துத் திருப்பினால் காற்று விரலைத் தள்ளும். காடி தலைகீழாக, அதாவது அரைச்சுற்று மாறி இருந்தால், வயர்களை இடம் மாற்றிப் போட்டும் வண்டி ஓடும். ஆனால் அடுத்து யாராவது அதைத் தொடும்போது குழம்பிப்போவாங்க, இப்போதே சரிசெய்வது மேல். ஒரு பல் மட்டும் தள்ளி இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்ப இடம் போதாமல் போகலாம்.

பினியனை எடுக்கணும் என்றால் முதலில் பெட்ரோல் பம்பையும் அதன் புஷ்ராடையும் கழற்றணும், அந்த ராட் பினியனின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு இடப்பக்கம் திருப்பிக்கொண்டே மேலே தூக்கினால் வரும். கீழே ரெண்டு மெல்லிய வாஷர் இருக்கு. இந்த வாஷர்தான் பலபேர் இன்ஜினைத் திரும்பப் பிரிக்க வைத்தது. கை தவறி உள்ளே விழுந்தால் அது கேஸின் அடியில் போய்விடும். ஒரு நீளமான கம்பியைக் குழிக்குள் நிறுத்தி, அதில் வாஷரைக் கோத்து இறக்கினால் நேராக இருக்கையில் போய் உட்காரும். பினியன் தலையில் நிற்கிற சின்ன ஸ்பிரிங்கையும் மறக்காமல் போடுங்க. வாஷர் இல்லாமலோ ஸ்பிரிங் இல்லாமலோ பூட்டினால் பினியன் மேலும் கீழும் ஆடும், டைமிங் ஒரு இடத்தில் நிற்காது.

டைமிங்குக்கு முன், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடுகிற பாயிண்ட்டின் கேப். இந்த வரிசையை மாற்றக் கூடாது, ஏன் என்றால் கேப் மாறினால் டைமிங்கும் மாறும். ஃபைபர் கட்டை கேமின் உச்சியில் நிற்கும்போது 0.4 மி.மீ. பாயிண்ட் மூடியிருக்கிற கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டர் கிடைத்தால் 44 முதல் 50 டிகிரிக்குள் வையுங்க. டுவெல் ஒரு டிகிரி குறைந்தால் கிராங்கில் டைமிங் ஒரு டிகிரி முன்னால் போகும். கேமில் அரிசி அளவுக்கு கிரீஸ் போதும், அதிகம் போட்டால் தெறித்துப் பாயிண்ட்டில் படிந்து கருக்கும். பிளக் கேப் 0.7 மி.மீ.

இப்போ ஸ்டேட்டிக் டைமிங், அதாவது இன்ஜினை ஓட்டாமலே வைப்பது. இதற்கு ரெண்டு வயர் கட்டிய ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும். ஒரு முனை காயிலின் 1 என்று எழுதிய டெர்மினலில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகிற பக்கம். இன்னொரு முனை பாடி எர்த். புல்லியைக் கடிகாரத்திசையில் மட்டுமே திருப்பி, 10 டிகிரி கோட்டை கேஸ் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாங்க. தாண்டிவிட்டால் பின்னால் இழுத்துச் சரிசெய்யாமல், ஒரு கால் சுற்று பின்னால் போய் மறுபடி முன்னால் வாங்க. பல்லுக்குப் பல் இருக்கிற இடைவெளி அப்போதுதான் ஒரே பக்கம் நிற்கும். ரோட்டர் டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் இருக்கிற ஒண்ணாம் நம்பர் வெட்டைப் பார்த்து நிற்கணும். கிளாம்ப் போல்ட்டை, 10 மி.மீ. ஸ்பானர், லேசாகத் தளர்த்தி, பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, இக்னிஷன் சாவியைப் போடுங்க. டிஸ்ட்ரிபியூட்டரைக் கடிகாரத்திசையில் பல்பு அணைகிற வரை திருப்புங்க. பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக. பல்பு பளிச்சென்று எரிகிற அந்த நொடி பாயிண்ட் திறக்கிறது, அங்கே நிறுத்தி இறுக்குங்க. இறுக்கும்போதே பாடி கொஞ்சம் நகர்ந்துவிடும், அதனால் ரெண்டு முழுச்சுற்று திருப்பி வந்து, பல்பு 10 கோட்டிலேயே எரிகிறதா என்று சரிபார்ப்பது கட்டாயம். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை ரொம்ப நேரம் போட்டு வைத்தால் காயில் சூடாகிவிடும். பார்த்து முடித்ததும் அணையுங்க. பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தால் இந்த பல்பு முறையை நம்பாமல், அந்த மாட்யூலோடு வந்த குறிப்பைப் பாருங்க.

வயர் வரிசை 1-4-3-2, ரோட்டர் சுற்றுகிற கடிகாரத்திசையிலேயே. இடையில் ஒரு சின்ன விஷயம்: பழைய ஒரிஜினல் டிஸ்ட்ரிபியூட்டர் சிலவற்றில் 3-ஆம் நம்பருக்கு மட்டும் டைமிங் ரெண்டு மூணு டிகிரி பின்னால் இருக்கும்படி கேமையே அப்படிக் கடைந்திருக்கிறார்கள். ஃபேன் கூண்டுக்குள் நிற்கிற பழைய ஆயில் கூலர் 3-ஆம் நம்பருக்குப் போகிற காற்றை மறித்துச் சூடாக்கும், அதை ஈடுகட்டத்தான். அந்த வகை கையில் இருந்தால், ஒரு சுற்று கழித்து 3-க்குப் பல்பு தாமதமாக எரிவதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடாதீங்க. உங்க 009-இல் அப்படி வித்தியாசம் தெரிந்தால் அது ஷாஃப்ட் அல்லது புஷ் தேய்மானம்.

ஸ்டார்ட்டுக்கு முன் காயில் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணைகிற வரை விட்டு விட்டு செல்ஃப் அடியுங்க. 2.5 லிட்டர் ஆயில், துத்தநாகச் சேர்மம் உள்ள ரகமாக. கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கட்டும். மேலே சொன்ன 20 நிமிஷ ஓட்டத்தை முடித்து, முழுக்க ஆறவிட்டு, டேப்பட்டை மறுபடி பார்த்த பிறகுதான் டைமிங் லைட். அந்த 20 நிமிஷத்தில் கார்புரேட்டர் வழியாகத் துப்பினாலோ, சைலன்சர் வெடித்தாலோ உடனே நிறுத்திடுங்க. பெரும்பாலும் ரெண்டு வயர் இடம் மாறியிருக்கும், அல்லது ரோட்டர் 3-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும்.

டைமிங் லைட்டின் கவ்வியை ஒண்ணாம் நம்பர் வயரில் மாட்டுங்க. மாலையில் நிழலில் செய்யுங்க, உச்சி வெயிலில் கோடு தெரியாது. துண்டு, வேட்டி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஒருவர் ஆக்சிலேட்டரைப் பிடித்து ஆர்பிஎம்-ஐ மெதுவாக ஏற்றட்டும். கோடு இடத்தைவிட்டு நகர்ந்துகொண்டே போகும்; 3000-க்கும் 3500-க்கும் நடுவில் ஒரு இடத்தில் அதற்கு மேல் நகராமல் நிற்கும். அங்கே சிவப்புக் கோடு, அதாவது 30, கேஸ் கோட்டுக்கு நேராக வரும்படி டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்க. முன்னால் போக வேண்டுமானால் இடப்பக்கம், பின்னால் வர வேண்டுமானால் வலப்பக்கம். இறுக்கிவிட்டு மறுபடி 3500-க்கு ஏற்றிப் பாருங்க.

ஐட்லிங்கில் எத்தனை விழுகிறதோ விழட்டும், அதைத் துரத்தாதீங்க. 7 முதல் 10 வரை வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஆரோக்கியமாக இருக்கு என்று அர்த்தம். ஐட்லிங்கில் 2 டிகிரியோ ஜீரோவோ வந்தால் உள்ளே வெயிட்டுகள் அளவுக்கு மீறி விரிகின்றன. 16, 18 என்று நின்றால் ஸ்பிரிங் தளர்ந்து வெயிட்டுகள் ஐட்லிங்கிலேயே விரிந்து நிற்கின்றன. சூட்டில் ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜின் எதிர்த்து உதைப்பதும் இதனால்தான். கோடு ஒரே இடத்தில் நிற்காமல் ரெண்டு மூணு டிகிரி துடித்தால் புஷ் தேய்மானம் அல்லது அந்த வாஷர். ஆர்பிஎம் ஏறியும் கோடு அசையவே இல்லை என்றால் வெயிட்டுகள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பெட்ரோலில் கழுவி ரெண்டு சொட்டு ஆயில் விட்டால் போதும்.

009-இல் ஒரு குறை நிச்சயம் தெரியும். 34 பிக்ட் கார்புரேட்டரோடு சேர்ந்தால், ஐட்லிங்கில் இருந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு நொடி மூச்சுத் திணறும். இன்ஜின் உறிஞ்சும் வேக்கத்தை வைத்து டைமிங்கை முன்னால் தள்ளுகிற வேக்கம் அட்வான்ஸ் இல்லாததுதான் காரணம். அதைப் போக்க ஐட்லிங் டைமிங்கை ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு, ஏற்றின டிகிரி அப்படியே மேல் வேகத்திலும் கூடிவிடும். ஆக்சிலேட்டர் பம்ப் பீச்சும் அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. என் கருத்தைக் கேட்டால், வேக்கமும் வெயிட்டும் ரெண்டும் உள்ள ஒற்றை வேக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறுவதே இந்த இன்ஜினுக்குச் செய்கிற பெரிய உதவி. அதில் வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு இதே 30-ஐ வைத்து, பிறகு குழாயை மாட்டணும். குழாய் மாட்டிய நிலையில் கோடு 30-ஐத் தாண்டிப் போவது இயல்பு. ஃபுல் லோடில் வேக்கம் விழுந்து அது தானாகவே திரும்பிவிடும்.

நம்ம ஊருக்கென்று வரும்போது, கரூர், ஈரோடு வெயிலிலும் நீண்ட ஏற்றங்களிலும் ஓடுகிற வண்டிக்கு நான் 28-இல் நிறுத்தச் சொல்வேன். ஹெட்டைச் சீவி கம்ப்ரெஷன் ஏறியிருந்தாலும் அதே 28. இழுவையில் வித்தியாசம் தெரியாது, சூட்டில் தெரியும். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, பண்ணாரியில் இருந்து திம்பம் ஏற 27. இங்கெல்லாம் வேகம் குறைவு, லோடு முழுசு. ஃபேன் கிராங்கோடு பெல்ட்டில்தான் சுற்றுகிறது. மூணாவது கியரில் முக்கி முக்கி ஏறினால் காற்று குறைந்து சூடு கூடும். ஆக்சிலேட்டரை மிதித்து முக்குவதைவிட ஒரு கியர் இறக்கி ஆர்பிஎம்-ஐ மேலே வைத்து ஏறுங்க.

பங்க்கில் இப்போ வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஜெட்டில் கலவை மெலிந்து ஓடும், மெலிந்த கலவையும் அதிக அட்வான்ஸும் சேர்ந்தால் பிஸ்டன் தாங்காது. மெயின் ஜெட் 127.5 என்றால் 130-ஓ 132.5-ஓ போட்டுப் பாருங்க, பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்க.

இன்ஜின் கொஞ்சம் ஓடிப் பழகிய பிறகு ஒரு ஏற்றத்தை முழு லோடில் ஏறி, மேலே போனதும் ஐட்லிங் விடாமல் அப்படியே அணைத்து, ஆறியதும் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்க. பீங்கான் இளம் காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் கலவையையும் டைமிங்கையும் ரெண்டையும் பாருங்க. பீங்கானில் மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளியோ, பளபளக்கிற ஈயப்பொட்டு போலச் சின்ன மணிகளோ தெரிந்தால், அந்த மணி பிஸ்டனில் இருந்து வந்த அலுமினியம்; அன்றைக்கே ரெண்டு டிகிரி பின்னால் எடுங்க, 3-ஆம் நம்பர் பிளக்கை முதலில் பாருங்க. 500 கி.மீ. ஓடியதும் பாயிண்ட்டின் ஃபைபர் கட்டை கொஞ்சம் தேய்ந்து கேப் சுருங்கியிருக்கும், டைமிங்கும் அதனோடு பின்னால் போயிருக்கும். அப்போது டேப்பட், பாயிண்ட், டைமிங் என்ற இதே வரிசையில் ஒரு தடவை திரும்ப வைத்துவிட்டு, ஆயிலையும் மாற்றிடுங்க.